வரிக்குப் பயந்து கொடுத்த முன்கட்டு

விருதுநகர் மிளகாய்த் தரகர் தனுஷ்கோடி லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. மிளகாய் நெடியில் தெருவே தும்மும்போது தும்மாமல் விலை பேசியவர். அவரை நடுங்க வைத்த பெருமை, 1953-இல் வந்த மரண வரிச் சட்டத்துக்கும், அதை அவருக்கு விளக்கிச் சொன்ன தங்கை புருஷன் சீனிவாசகத்துக்கும் சேரும். சீனிவாசகம் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக் கணக்கப்பிள்ளை. சட்டம் தெரிந்தவர்.

"மச்சான், நீங்க கண்ணை மூடிட்டீகன்னா வீட்டுக்கு சர்க்கார் வரி கேக்கும். பாதியை இப்பவே உங்க தங்கச்சி பேருக்கு எழுதிட்டா அது தப்பிச்சிரும்."

"நான் கண்ணை மூடப்போறேன்னு யாரு சொன்னா மாப்ளே?"

"ஒரு பேச்சுக்குத்தான்."

தனுஷ்கோடிக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தங்கை பொன்னுத்தங்கம்தான் எல்லாம். 1955 ஆவணியில் இருக்கன்குடிக் கோயிலில் தங்கை மகளுக்குக் காது குத்தியபோது, வீட்டின் முன்கட்டையே தாய்மாமன் சீராகத் தருகிறேன் என்று பந்தியில் அறிவித்தார். சொந்தபந்தம் சொக்கிப்போனது. அதே வாரம் தங்கை பேரில் பத்திரம் பதிவானது. தங்கை குடும்பம் முன்கட்டுக்குக் குடிவந்தது.

வீடு மொத்தமும் ஏற்கெனவே ஒரு வட்டிக்கடைக்காரரிடம் அடமானத்தில் இருந்தது. அதையும் சீனிவாசகம் நியாயமாகவே பிரித்தார்: முன்கட்டு தங்கைக்கு, கடன் அண்ணனுக்கு. கடன் பத்திரத்தில் கையெழுத்து அண்ணனுடையதுதானே!

சட்டத்தில் இன்னும் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. எழுதிக் கொடுத்தவர் இரண்டு வருஷம் உயிரோடு இருக்க வேண்டும். கொடுத்த இடத்தை அவர் அனுபவிக்கவும் கூடாது.

"முன்கட்டுக்குள்ள வந்துராதீக மச்சான். வரி வந்துரும்."

தனுஷ்கோடி அன்றிலிருந்து சாக்கடைச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனார். ஆனாலும் அந்த இரண்டு வருஷம் ராஜபோகம். தினமும் தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப் வரும். ஒரு தடவை இருமினால் பொன்னுத்தங்கம் கஷாயத்தோடு ஓடிவருவாள். "தங்கச்சின்னா இப்படில்லா இருக்கணும்!" என்று பேட்டை முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார்.

1957 ஆவணியில் இரண்டு வருஷம் நிறைந்தது. மறுநாள் தூக்குச்சட்டி வரவில்லை. மறந்திருப்பாள் என்றார். அடுத்த வாரம் காய்ச்சலில் கிடந்தபோதும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எழுந்து நடமாடியதும் பத்திரத்தோடு ஒரு வக்கீலிடம் போனார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இது லட்சாதிபதிகளுக்கு உள்ள வரி, அண்ணாச்சி. அடமானக் கடனைக் கழிச்சா உங்க சொத்து அதுக்குக் கிட்டக்கூட வரலை. யாரு உங்களைப் பயங்காட்டுனது?"

தனுஷ்கோடி நேராக வந்து முன்கட்டுக் கதவைத் தட்டினார். சீனிவாசகம் பாதி திறந்தார்.

"இந்த வரி எனக்குக் கிடையாதாமே மாப்ளே. உமக்குத் தெரியுமா?"

"சட்டம் மாறிக்கிட்டே இருக்கும் மச்சான்."

"பொன்னுத்தங்கம்! நீயாவது சொல்லு, தாயி."

உள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது: "அண்ணனை உள்ள விட்டுராதீக. வரி வந்துரும்."

சீரைத் திருப்பிக் கேட்ட தாய்மாமன் என்ற பெயர் எடுக்க தனுஷ்கோடிக்குத் துணிச்சல் இல்லை. அவர் செய்தது ஒன்றுதான். வட்டி கட்டுவதை நிறுத்தினார். சில மாதங்களில் வட்டிக்கடைக்காரரின் வக்கீல் நோட்டீஸ் வந்தது: பின்கட்டு, முன்கட்டு, இரண்டும் ஏலத்துக்கு.

மறுநாள் காலையில் பின்கதவு தட்டப்பட்டது.

"அண்ணே, சூப் கொண்டாந்திருக்கேன். கதவைத் திறங்க."

"உள்ள வந்துராத தாயி," என்றார் தனுஷ்கோடி. "வரி வந்துரும்."

தூக்குச்சட்டி சாயங்காலம் வரை சந்துப் படியிலேயே இருந்தது. ஆட்டுக்கால் சூப் என்றால் அவருக்கு உயிர்.