பக்கத்து நாற்காலிக்காரருக்கு நான் சொன்ன பதில்

மும்பை மாட்டுங்காவில் ஞாயிறு காலை நடந்த கேமரா வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. ஐம்பது வயதிருக்கும். தாராவியில் பெல்ட் பட்டறையில் வேலை. விரல் நுனிகள் சாயம் ஏறிக் கறுத்திருந்தன. கேமரா வாரைக் கழுத்தில் மாட்டியிருந்தாலும், நழுவிவிடுமோ என்று மணிக்கட்டிலும் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார். பட்டனை அழுத்துமுன் மூச்சைப் பிடிப்பார். படம் திரையில் வந்த பிறகுதான் விடுவார்.

முதல் வாரம் ஷட்டர் வேகம் மட்டும்தான் பாடம். இரண்டாவது வாரம், வீட்டில் எடுத்த படங்களை அவர் என்னிடம் காட்டினார். பாதி கலங்கியிருந்தன. பாதி வெறும் கறுப்பு.

"மெதுவா வச்சா கலங்குது, வேகமா வச்சா இருட்டா வருது தம்பி."

"யாரை எடுக்கீங்க அண்ணாச்சி?"

"வீட்ல அவளத்தான். படுத்த படுக்கையா இருக்கா, வெளிய கொண்டார முடியாது. நம்ம கோலி ஒத்த ரூம்தான், ஜன்னல் கிடையாது. பிளாஷ் அடிச்சா பதறிப்போறா. டாக்டரும் கைய விரிச்சிட்டாரு."

நானும் கேமராவைத் தொட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் எல்லாம் தெரிந்தவன் போலச் சொன்னேன்: "வெளிச்சம் இல்லேன்னா எந்தக் கேமராவாலயும் ஒண்ணும் பண்ண முடியாது அண்ணாச்சி."

அவர் மணிக்கட்டிலிருந்து வாரைப் பிரித்தார்.

"அப்ப விட்டிர வேண்டியதுதான்."

மூன்றாவது வாரம் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்வு எண், பாடம். அந்த எண்ணைக் கூட்டினால் ஒரு பல்பு வெளிச்சமே போதும், படம் புள்ளி புள்ளியாக இருக்கும், ஆனால் முகம் தெரியும் என்றார் வாத்தியார். அவர் வரவில்லை; பக்கத்து நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள். அவர் பெயரை நான் கேட்டிருக்கவில்லை. தாராவியில் எந்தப் பட்டறை என்றும் கேட்டிருக்கவில்லை.

அவருக்கு அவள் முகம் தெரிந்தால் போதும்.