இரண்டு மணி நேரத்தில் மும்பை

பிள்ளைகளா, நேற்று நீங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டரைப் பார்த்து, மதுரைக்கும் மும்பைக்கும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், விமானத்தில் இரண்டு மணி நேரம் என்று சொன்னீர்கள். கணக்கு சரிதான். உங்கள் மும்பை அத்தை இறந்த அன்று எங்களுக்கும் அந்தக் கணக்குத்தான் தெரிந்திருந்தது.

விடிந்ததும் அத்தான், அதாவது உங்கள் மாமா, போன் செய்தார். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்திய பிறகுதான் உடலை எடுப்பார்கள். அதை நான்தான் கொண்டுபோக வேண்டும். ரயிலில் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். தாயில்பட்டியில் நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் முதலாளி, விஷயம் கேட்டதும் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

“ரெண்டு மணி நேரந்தாம்லே. மத்தியானத்துக்குள்ள அங்கன நிப்பே” என்றார் போர்மேன்.

அதையே அத்தானிடம் சொன்னேன். “மத்தியானத்துக்குள்ள வந்துருவேன் அத்தான். எடுத்துராதீக.”

“இருக்கோம் மாப்ள. பொழுது சாயிறதுக்குள்ள வந்துரு.”

சிவகாசியில் ஜவுளிக்கடை திறக்கும்வரை வாசலில் நின்று, சிவப்பில் ஒரு சேலை எடுத்தேன். விருதுநகரில் ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்து போய் முடிகிற வரைக்கும் நான் போன வாடகைக் கார் நின்றது. மதுரை விமான நிலையத்தில் என்னைச் சோதித்த காவலர், சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

“எந்த ஊரு?”

“சிவகாசிப் பக்கம் சார்.”

“அதானே பாத்தேன். பையில அணுகுண்டு, லட்சுமி வெடி எதும் இருக்கா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பையில் சேலை ஒன்றுதான் இருந்தது. கோடி என்றேன். “போங்கய்யா” என்று அவரே பையை மூடிக் கையில் கொடுத்தார்.

அப்போதெல்லாம் சென்னையில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். காத்திருந்த நேரத்தில் பூத்திலிருந்து போன் செய்தேன். அத்தானுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் கத்தினார். “பிளேன்ல வாறவன் இன்னும் மெட்ராஸையே தாண்டலையா? பட்டாசு லோடு லாரியில ஏறியிருந்தா வந்து சேந்துருப்பானேய்யா!”

“நீ வா மாப்ள” என்று மட்டும் அத்தான் சொன்னார்.

சென்னையிலிருந்து மேலே பறந்த நேரம் என்னவோ இரண்டு மணி நேரத்துக்கும் குறைவுதான். சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வீடு இருந்த தாராவி, மும்பை விமான நிலையத்திலிருந்து பக்கம்தான் என்றார்கள். டாக்சி ஏறினால் நகரவே மாட்டேன் என்கிறது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டே வந்தது.

போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் இருந்த சாத்தூர்க்காரப் பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “எம்புட்டு நேரம்யா வச்சிருக்க முடியும்? நாந்தான் கடையில ஒரு சேலை எடுத்தாந்து, தம்பி கோடின்னு ஒம் பேரைச் சொல்லிப் போத்துனேன். தப்பா நெனச்சிராத.”

“நீங்க போட்டது நான் போட்ட மாதிரிதாங்க்கா” என்றேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த அத்தான் என்னைப் பார்த்து அழுதார். ஏன் பிந்தியது என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை, சாம்பல் எடுக்க எல்லோரும் கிளம்புவதற்கு முன்பே நான் தனியாகச் சுடுகாட்டுக்குப் போனேன். காவல்காரர் இடத்தைக் காட்டிவிட்டு நகர்ந்தார். தண்ணீர் தெளித்து ஆற விட்டிருந்தார்கள். சேலையைப் பிரித்துச் சாம்பல் மேல் தலைமாடு கால்மாடு பார்த்து விரித்தேன். காற்றில் தூக்கியது. நாலு மூலைக்கும் கல் பொறுக்கி வைத்தேன்.