பெட்ரீனா வீட்டுப் போர்வை

நார்வே கடற்படையில் ஐலெர்ட் தோர்ஸ்நெஸ் முப்பது வருடம் இருந்தார். பீரங்கி சுட்டதைவிட ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கியதுதான் அதிகம். கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் போடுவது அவர் வேலை. அந்த வேலை அவருக்கு நிலைத்ததற்குக் காரணம் ஒரு பசுமாடு. அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதை இது.

அப்போது அவர் இளம் லெப்டினன்ட். தனிப் பொறுப்பில் கிடைத்த முதல் இடம், ஹெல்கெலாண்ட் கரையில் ஒரு குறுகிய நீரிணை. அதன் வாயில் முழுகிய பாறை ஒன்று உண்டு. அந்தக் குளிர்காலத்திலிருந்து தபால் கப்பல் புது வரைபடத்தை நம்பித்தான் அவ்வழியே வரும். கரையில் சுண்ணாம்பு அடித்த மூன்று கற்களைப் படகிலிருந்து பார்த்துக் கோணம் எடுத்தால், படகு நிற்கும் இடம் தெரியும். நான்காவது குறியையும் பார்த்துச் சரிபார்ப்பது விதி. ஐலெர்டுக்குத் தன் கண்மேல் அபார நம்பிக்கை. அந்த நான்காவது குறியைப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

அளந்து முடித்தாயிற்று; மறுநாள் அவருடைய கடற்படைக் கப்பல் தெற்கே கிளம்ப வேண்டும். பால் விற்க பெட்ரீனா என்ற மீனவர் மனைவி துடுப்புப் போட்டு வந்தாள்.

"ஏன் ஆபீசரே, ரெண்டு நாளா அந்தக் குழாய வெச்சு என் வீட்டையே பாத்தீங்களே, என்ன சங்கதி? எங்க வீட்டுக்காரர் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு."

"உங்க வீட்ட நான் எதுக்கும்மா பாக்கறேன்? பக்கத்துல இருக்கற வெள்ளக் கல்லத்தான் பாத்தேன்."

"வெள்ளக் கல்லா? அதுல இருந்த சுண்ணாம்ப எங்க பசு போன வாரமே நக்கித் தீத்துடுச்சே!"

"அப்ப அங்க வெள்ளையா தெரிஞ்சது?"

"என் கட்டில் போர்வை. காயப் போட்டிருந்தேன்."

ஐலெர்ட் கல் என்று நினைத்துக் கோணம் எடுத்தது அந்தப் போர்வையை; அளந்த இடமெல்லாம் தப்பு. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவர் யானைகூட இல்லை, குட்டி. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் முதல் பொறுப்பே கடைசிப் பொறுப்பாகலாம். நேராக கேப்டன் ஸ்டாங்கின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

கேப்டன் புகை பிடிக்கும் பைப்பைக் குடைந்தார். "போர்வைய வெச்சுக் கடல அளந்த மொத ஆள் நீதான்யா. நாளைக்குக் கப்பல் கிளம்பாது. போ, கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சுட்டு மறுபடி அள."

மறுபடி அளந்தார். முந்திய படத்தில் கப்பல் போக வேண்டிய வழி என்று காட்டியிருந்த இடத்திலேயே பாறை இருந்தது. பிறகு ஒருநாளும் நான்காவது குறியை விட்டதில்லை. வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு பெட்ரீனாவுக்குக் காப்பிக்கொட்டையும் பசுவுக்கு ஒரு உப்புக் கட்டியும் அனுப்பினார்.

ஓய்வு பெற்றபின் தபால் கப்பலில் அவ்வழியே போனார். வருவதாக பெட்ரீனாவுக்கு முன்பே எழுதியிருந்தார். நீரிணையின் வாயில் கப்பல் ஒதுங்கித் திரும்பியது. அந்தப் பக்கம் பாறைமேல் அலை நுரைத்தது. மேல்தளத்தில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

கரையில் கொடிக்கயிற்றில் ஒரே ஒரு வெள்ளைப் போர்வை. அருகில் பெட்ரீனா. ஐலெர்ட் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"யாருக்குங்க சல்யூட்டு?" என்றார் பக்கத்துப் பயணி. "அங்க துணிதான் காயுது."

"அது என் மேலதிகாரிங்க" என்றார் ஐலெர்ட். கையை இறக்கவில்லை.