அறுபத்து மூன்றாம் தூண்

அந்தக் கருவிக்குக் கணக்கு வராது என்றுதான் முதலில் நினைத்தேன். கணினியின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, கூடவே ஒரு முகவரியைக் கொடுத்தால், அந்த நெட்வொர்க் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஏழெட்டு வரிகளில் சொல்லிவிடும். நான் கேட்ட நெட்வொர்க் துண்டு பூஜ்யத்தில் தொடங்கி அறுபத்து மூன்றில் முடிந்தது. விரல் விட்டு எண்ணினாலும் அறுபத்து நான்கு எண்கள். அதுவோ கடைசி வரியில் 62 என்று போட்டது. இரண்டு எண்களை யார் தின்றார்கள்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒரகடத்தில் கார் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலை அது. மூன்று வருடம் லைனில் நின்று போல்ட் முடுக்கியவள் நான். டிப்ளமோவில் கம்ப்யூட்டர் படித்தவள் என்று தெரிந்ததும் ஐ.டி. அறைக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு, அங்கேயே வைத்துக்கொள்வதா, லைனுக்குத் திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வதாகப் பேச்சு. ஐந்தாவது மாதத்தில் மேலாளர் இந்த வேலையைக் கொடுத்தார். லைன் மெஷின்கள், கேமராக்கள், அலுவலகம் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடந்து இடித்துக்கொண்டிருந்தன. அதை நான்காகப் பிரிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை லைன் நிற்கும்போது முடித்துவிட வேண்டும்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்துத் தூணில் மஞ்சள் பெயின்டில் பெரிதாக ஓர் எண் இருக்கும். மெஷினின் நெட்வொர்க் முகவரியில் கடைசி எண்ணும் அதுவேதான். பழுது பார்க்க வருகிறவர் தாளைத் தேட வேண்டாம், தூணைப் பார்த்தால் போதும். பத்து வரை உள்ள எண்களைப் பிரிண்டர் போன்ற பொதுச் சாமான்களுக்கு ஒதுக்கிவிட்டு, மெஷின்களுக்குப் பதினொன்று முதல் அறுபத்து மூன்று வரை கொடுத்திருந்தார்கள். அறுபத்து மூன்று நான் நின்ற இடம்.

பூஜ்யம் முதல் அறுபத்து மூன்று வரை ஒரு துண்டு என்று திரையில் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். லைனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. மெஷின்கள் ஐம்பத்து மூன்றுதான், கருவி சொல்கிற 62 சரியாக இருந்தாலும் இடம் மிச்சம். அப்புறம் அந்த இரண்டைப் பற்றி எனக்கு என்ன கவலை? மீதி வரிகளைப் படித்தும் படிக்காமலும் தாண்டினேன். ஞாயிறு மாலைக்குள் வேலை முடிந்தது. திங்கள் காலை முதல் ஷிஃப்டில் எல்லா மெஷினிலும் பச்சை விளக்கு. மேலாளர் என் மேசையைத் தட்டிவிட்டுப் போனார். நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் ஐ.டி. அறை வாசலில் ஓர் அக்கா வந்து நின்றார். என் இடத்துக்கு வந்தவர், தண்டலம் பக்கத்துக்காரர். லைன்காரர்கள் அறைக்குள் வரக்கூடாது என்பதால் வாசற்படியைத் தாண்டாமலே பேசினார்.

“இன்னாம்மா இது, நேத்துலேர்ந்து என் மெஷின்ல கவுண்ட் ஏறவே மாட்டேங்குது. நான் போல்ட்டே போடலன்னு சூப்பர்வைசர் கத்தினு கீறாரு. ஒரு தபா வந்து பாக்கிறியா?”

போல்ட் முடுக்கினால் அந்தப் பதிவு நெட்வொர்க் வழியாகக் கணினிக்குப் போக வேண்டும். பதிவு இல்லையென்றால் முடுக்கவில்லை என்றுதான் எங்கள் தொழிற்சாலையில் அர்த்தம். இரண்டு நாள் இருக்கைகளையும் சிவப்பு அட்டை கட்டி ஓரம் தள்ளியிருந்தார்கள். அக்காவின் காண்ட்ராக்ட் வெள்ளிக்கிழமை முடிகிறது. கவனக்குறைவு என்று ஒரு கடிதம் கோப்பில் ஏறினால் புதுப்பிக்க மாட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. தூணில் 63, மெஷினிலும் 63. மற்ற ஐம்பத்திரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன. அறைக்குத் திரும்பி, நெட்வொர்க்கில் கோளாறு எதுவும் இல்லை என்று சூப்பர்வைசருக்கு மெயில் போட்டேன். அதை எழுதும்போது கொஞ்சம் ரோஷமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வேலையில் குற்றம் சொல்லிவிடுவார்களோ என்ற ரோஷம்.

மெயில் போன பிறகு மனசு கேட்கவில்லை. அதே இடத்தில் மூன்று வருடம் நின்றவள் நான். அங்கே ஒரு ஷிஃப்ட் முழுக்கப் போல்ட் போடாமல் யாராலும் இருக்க முடியாது, அடுத்த இருக்கை வந்து இடிக்கும். அப்படியானால் பதிவு எங்கே போகிறது? கேபிளை மாற்றினேன். நெட்வொர்க் சுவிட்சில் வேறு துளையில் செருகினேன். மெஷினிலிருந்து பதிவை அனுப்பும் பெட்டியையே மாற்றினேன். கவுண்ட் சைபர்தான். புதன்கிழமை காலை வரை பேய் முழி முழித்தேன். வேறு வழி தெரியாமல் அந்தக் கருவியையே மறுபடி ஓட்டி, இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன்.

கொடுக்கக்கூடிய கடைசி முகவரி: 62. அதற்கு அடுத்த வரியில், அந்தத் துண்டில் உள்ள எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிடுவதற்கான முகவரி: 63. ஒவ்வொரு துண்டிலும் முதல் எண் அந்தத் துண்டுக்கே பெயர், கடைசி எண் பொதுக்கூப்பாட்டுக்கு. இரண்டையும் எந்த மெஷினுக்கும் கொடுக்க முடியாது. பிரிப்பதற்கு முன்னால் அறுபத்து மூன்று நடுவில் கிடந்த சாதாரண எண். பிரித்து, அதைக் கடைசி எண்ணாக்கியது நான். கருவி ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டது, அதற்குக் கணக்கு வராது என்று நினைத்தவள்தான் நான்.

லைனுக்கு ஓடினேன். மெஷினுக்குச் சும்மா கிடந்த ஒன்பதாம் எண்ணைக் கொடுத்தேன். “போடுங்கக்கா” என்றேன். அக்கா முடுக்கினார். திரையில் 1 விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே போல்ட்டில் மறுபடி முடுக்கியை வைத்து இன்னொரு முறை முடுக்கினார். 2 விழுந்தது.

“ஏன்க்கா ரெண்டு தடவை?”

“நெட்டு சரியாக் கீதுன்னு நீயே எழுதிக் குடுத்துட்ட. நீ இந்த எடத்துல நின்ன பொண்ணு, உனக்குத் தெரியாததா? அப்போ என் கைதான் எங்கியோ தப்பு பண்ணுதுன்னு நெனச்சேன். நேத்துலேர்ந்து எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தபா போட்டுனு கீறேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அவங்க குடுத்த கவனக்குறைவு லெட்டர்லயும் காலைல கையெழுத்துப் போட்டுட்டேன்” என்றார்.

மேலாளரை அங்கேயே கூட்டிவந்து, அக்கா கேட்கும்படி, தவறு என்னுடையது என்று சொன்னேன். அக்காவின் கடிதத்தைக் கிழித்தார்கள், வெள்ளிக்கிழமை காண்ட்ராக்ட்டும் புதுப்பித்தார்கள். என் ஆறு மாதத்தை ஒன்பது மாதமாக நீட்டினார்கள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் மறுபடி கூப்பிட்டார். அறுபத்து மூன்றாம் தூணில் எண்ணிக்கை இரட்டிப்பாக வருகிறது, நெட்வொர்க்கைப் பார் என்றார். போய் நின்று பார்த்தேன். நெட்வொர்க் சரியாகத்தான் இருந்தது. அக்கா இன்னமும் ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை முடுக்கிக்கொண்டிருந்தார்.