பெண்கள் ஆண்ட ஜப்பானும் எங்கள் அர்ச்சனைத் துண்டும்

எனக்குப் பதினொரு வயது நடந்த 2012 இல், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நார்த்மீட் என்ற புறநகரில் எங்கள் வீட்டை ஆண்டவர் அம்மா. அதை நான் கண்டுபிடித்தது ஒரு ஜப்பானியப் படக்கதைத் தொடரின் வழியாக.

நூலகத்திலிருந்து எடுத்து வந்த அத்தொடரை வலப்பக்கத்திலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். பழைய ஜப்பானின் ஆண்களை ஒரு கொள்ளைநோய் அள்ளிக்கொண்டு போய்விட, பெண்கள் ஆட்சிக்கு வருகிறார்கள்; வரி விதிக்கிறார்கள், தண்டனை வழங்குகிறார்கள். ஆயினும் அரச ஏடுகளில் ஆண்பெயர்களே எழுதப்படுகின்றன. இது கற்பனை என்று முன்னுரை சொல்லியும் நான் நம்பவில்லை. ஏட்டில் ஆண்பெயர் இருப்பதே உண்மை மறைக்கப்பட்டதற்குச் சான்று என்று வாதாடுமளவுக்குத் தர்க்கம் எனக்கு அப்போதே வசப்பட்டிருந்தது.

குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த அம்மா அட்டைப்படத்தை எட்டிப் பார்த்தார்.

"ஆம்பிளையள் எல்லாம் எங்க போட்டினம்?"

"வருத்தம் வந்து செத்துப்போச்சினம். பொம்பிளையள்தான் எல்லாம் செய்யினம்."

"உதில என்ன புதுசு?" என்று கேட்டுவிட்டு அவர் மற்றக் காயை எடுத்தார்.

அப்பா எங்களுடன் இல்லை. அம்மாவையும் என்னையும் முன்னதாக அனுப்பிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொன்னவர், போர் நடந்த வன்னியில் அகப்பட்டுக்கொண்டார். போர் முடிந்து மூன்று வருடங்களாகியும் அவர் இருக்கிறாரென்றோ இல்லையென்றோ எவரும் சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதுமில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் ஐயர் வாசிப்பதற்கான பெயர்ச் சீட்டை, அர்ச்சனைத் துண்டை, நிரப்பும் பொறுப்பு என்னுடையது. என் தமிழ்க் கையெழுத்து அழகானது; அதைப் பிறரும் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அப்பாவின் பெயரும் நட்சத்திரமும், அடுத்து அம்மா, கடைசியில் நான். வாடகை கட்டுவதும் கார் ஓட்டுவதும் சுவரில் ஆணி அடிப்பதும் அம்மாவாயிருக்க, ஏட்டில் மட்டும் இன்னொருவர் ஏன் முதலில் வர வேண்டும்? அந்த வெள்ளிக்கிழமை அநீதியைத் திருத்தினேன். முதல் வரியில் அம்மா, அடுத்ததில் நான். ஆட்சியில் பங்கில்லாதவருக்கு ஏட்டில் இடமேது என்று அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

ஐயர் இரண்டு பெயர்களை வாசித்துத் தீபத்தைக் காட்டினார். மூடியிருந்த அம்மாவின் கண்கள் திறந்தன. அவர் என்னைத் திரும்பிப் பார்க்குமுன், பின்னால் நின்ற எங்கள் ஊர் அன்ரி ஒருவர் வந்து அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"எப்ப செய்தி வந்தது, பிள்ளை? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அர்ச்சனை, உயிரோடிருப்பவர்களின் பெயருக்கே செய்யப்படுவது. வாரந்தோறும் வாசிக்கப்பட்ட பெயர் திடீரென்று நின்றால், கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்ரியின் பார்வை அம்மாவின் நெற்றிப் பொட்டில் நின்றது.

"ஒரு செய்தியும் வரேல்லை அக்கா," என்றார் அம்மா. "பிள்ளை எழுதேக்க ஒரு பேர் விடுபட்டுப் போச்சு."

விடுபட்டதா? என் கவனத்துக்கு அப்படியொரு களங்கம் வந்ததே என்று கொதித்தேன். அம்மா புதுத் துண்டொன்று வாங்கி, தானே எழுதி, வரிசையின் கடைசியில் போய் நின்றார். இப்போதுதானே செய்தோம் என்பதுபோல ஐயர் பார்த்தபோது, அம்மா துண்டை நீட்டியதோடு நில்லாமல் அப்பாவின் பெயரை வாய்விட்டும் சொன்னார். ஐயர் அதைத் திருப்பிச் சொன்னார்.

காரில் நான் ஜப்பானை விளக்க முற்பட்டேன்.

"எல்லாம் நீங்கள்தானே செய்யிறியள். பிறகேன் அப்பாவின்ர பேர் முன்னுக்கு?"

"இனித் துண்டை நான் எழுதுறன்."

அவ்வளவுதான். பதவி பறிபோன நான் வீடுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஊர்வாய்க்கு அஞ்சுகிற ஆட்சியாளர் என்று அம்மாவைப் பற்றித் தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். அத்தீர்ப்பைப் பல வருடங்கள் மாற்றவில்லை.

அப்பாவின் பெயரை அம்மா இன்னொருவர் வாயால் கேட்பதற்கு, இந்த நாட்டில் அந்தக் கோயில் ஒன்றுதான் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.