இரண்டு முறை சொன்ன பெயர்

செல்வராசா அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு சைக்கிள் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். மல்லாவிச் சந்தையடியில் இருக்கும் என் கடைக்கு அவருடைய மகள் ஜெபாவே வந்திருந்தாள். "அப்பா விடியக்காலமை போயிட்டார், மாமா," என்றாள். நான் வாய் திறப்பதற்குள் மற்றதையும் சொன்னாள். "குழியடியிலை நீங்கள்தான் ஜெபம் செய்யவேணுமாம். போன கிழமையே போதகரிட்டைச் சொல்லி வச்சிட்டார்."

உங்களிடம் மறைத்து என்ன, துக்கத்துக்கு முன் எனக்கு வந்தது பயம். அடக்கம் மறுநாள் பின்னேரம். அதுவரை அந்தப் பயம் விடவில்லை. ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக என் வெட்கத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சின்னச் சபைக்குப் போதகர் கிளிநொச்சியிலிருந்து வருகிறவர். அவர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது என் பொறுப்பு. சில வருடங்களுக்கு முன், மாரி மழையில் குளம் நிரம்பி வான் பாய்ந்து பாதை மூடியிருந்த நாளொன்றில், அண்ணையின் தமையன் பிலிப்பு காலமானார். போதகரால் வர முடியவில்லை. அடக்கம் என் தலையில் விழுந்தது. அதற்கு முன் நான் யாரையும் அடக்கம் செய்ததில்லை. ஒளித்துக் குடிக்கும் பழக்கம் மட்டும் இருந்தது. பயம் தெளியட்டும் என்று அன்று வழமையைவிடக் கூடவே குடித்துவிட்டுப் போனேன்.

குழியடியில் கையை உயர்த்தி, "எங்கள் சகோதரன் செல்வராசாவை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிறோம்" என்றேன். சபைச் செயலாளரான அவருடைய பெயரைக் கிழமைதோறும் ஜெபத்தில் சொல்லிப் பழகிய வாய். அவரோ எனக்கு எதிரே, தமையனுக்குப் போட ஒரு பிடி மண்ணோடு நின்றுகொண்டிருந்தார். பெண்கள் பக்கம் அவருடைய சகோதரிமாரிடமிருந்து ஒரு அலறல் எழுந்தது. "குடிச்சிட்டெல்லே வந்து நிக்கிறான்!" என்று யாரோ கத்தினார்கள்.

அண்ணை மட்டும் குரலை உயர்த்தவில்லை. "பிழைச்சுப்போச்சு, தம்பி. என்ரை அண்ணையின்ரை பேரைச் சொல்லும்," என்றார். அந்தப் பெயர் என் நாக்கில் வரவேயில்லை. ஜெபப்புத்தகத்தை ஈர மண்ணில் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். மீதியை அவரே சொல்லி முடித்தாராம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடையைத் திறந்தேன். எங்கள் சபைக் கோயில் மணி கேட்காமல் இருக்க ஏதாவது ஒரு ரிம்மைத் தட்டிக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிறு அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "காத்துப் போயிட்டுது, பாரும்." பார்த்தேன். ஓட்டை எதுவும் இல்லை. அடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாம் ஞாயிறு, "அண்ணை, நீங்களே காத்தைத் திறந்துவிட்டிட்டு வாறியள்," என்றேன்.

"ஓம். வேறை என்ன செய்ய? நீர் என்னை அடக்கம் பண்ணிப்போட்டு இஞ்சை வந்து ஒளிச்சிருக்கிறீர். செத்தவன் தேடி வரவேண்டிக் கிடக்கு." சிரித்தபடி பையிலிருந்து ஜெபப்புத்தகத்தை எடுத்து, ஆட்கள் உட்காரும் வாங்கில் வைத்தார். மட்டையில் அந்த மண் காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அன்றோடு குடியை விட்டேன் என்று எழுத ஆசை. பொய் எழுதக்கூடாது. இரண்டு முறை மீண்டும் விழுந்தேன். இரண்டு முறையும் அந்தச் சைக்கிளுக்குக் காற்றுப் போனது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தவறு செய்து விலகி நின்றவர் அப்பமும் திராட்சரசமும் பெறத் திரும்பத் திருவிருந்துக்கு வரும் நாளில், அவரால் நோவுபட்டவர் வந்து பக்கத்தில் முழங்காலிட வேண்டும். யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது, அவராக வரவேண்டும். என் நாள் வந்தபோது முன்னே போய் முழங்காலிட்டேன். பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. வரமாட்டார், அவருடைய சகோதரிமார் விடமாட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகு செருப்புச் சத்தம் மெல்ல மெல்லக் கேட்டது. ஒரு கை என் வலது தோளை அழுத்திப் பிடித்தது. "அசையாதையும். முழங்கால் மடங்குதில்லை," என்று காதுக்குள் சொல்லி, தன் பாரம் முழுவதையும் என்னில் போட்டு இறங்கினார். ஆண்டவர் என்னை மன்னித்தார் என்பதை நான் அந்தப் பாரத்தில்தான் நம்பினேன்.

ஆனாலும் அடக்கம் நடத்த மட்டும் போகமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். "ஆண்டவர் மன்னிச்சது காணாதோ?" என்று அண்ணை கேட்டுப் பார்த்தார். "மன்னிச்சவர். ஆனால் என்ரை வாயை எனக்கு நம்பேலாது," என்றேன். "நீர் நம்பவேண்டாம். அவர் நம்பித்தானே திரும்பக் கூப்பிட்டவர்," என்றார். கடைசியில் தன் அடக்கத்தையே என்னிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடக்கத்தன்று பின்னேரம் உள்ளங்கையில் அவருடைய பெயரைப் பேனையால் எழுதிக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள். குழியடியில் கையை விரித்தபோது வியர்வையில் எழுத்தெல்லாம் கரைந்து நீலமாகக் கிடந்தது. அவருடைய சகோதரிமார் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஜெபப்புத்தகத்தின் மட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "எங்கள் சகோதரன் செல்வராசாவை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிறோம்."

சொல்லிவிட்டு, என்னை அறியாமலே எதிர்ப்பக்கம் பார்த்துக் காத்து நின்றேன். "பிழைச்சுப்போச்சு, தம்பி" என்று யாரும் சொல்லவில்லை.

மண் ஒட்டிய புத்தகம் என்னிடம் இருக்கிறது. பயமும் இன்னும் இருக்கிறது, எந்த நாளும் விழக்கூடியவன் நான். திருவிருந்துக்கு முழங்காலிடும்போது வலது தோளைச் சற்று உறுதியாக வைத்துக்கொள்கிறேன். அந்தக் கை இனி வராது என்று தெரியும். வேறு யாருக்காவது மடங்காத முழங்கால் இருக்கலாம்.