தலைவரம்மாவின் சிங்கப்பூர் பயணம்

குடவாசல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஊராட்சித் தலைவர் செம்மொழி. நடவுக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள், 2001 தேர்தலில் ஜெயித்தாள். தெருவிளக்கு எரியவில்லையென்று யாராவது வந்து சொன்னால் போதும், மின்வாரியத்துக்குப் போன் போட்டு அவர்கள் காது கிழியக் கத்துவாள். அப்படிப்பட்டவள், மார்பில் வந்த கட்டி புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“ஊருக்குச் சொல்லிட வேண்டியதுதானே?” என்றார் கணவர் முருகையன்.

“சொன்னா ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து ஒக்காந்து அழுவாங்க. அப்பறம் வாய்க்கால் தூர்வாரச் சொன்னா எவன் கேப்பான்? ‘நீங்க போய்ப் படுங்கம்மா’ம்பான். பதவி ஊரோடதுங்க. ஒடம்பு என்னோடது.”

மகன் பரிதி சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். அவனைப் பார்க்கப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு, பொறுப்பைத் துணைத் தலைவர் காதர் மைதீனிடம் கொடுத்துவிட்டு, கணவரோடு சென்னைக்கு ரயிலேறினாள். காதர் மைதீன் கூட்டத்துக்குக் கூட்டம் அவளோடு மல்லுக்கு நிற்பவர்.

அறுவை முடிந்து, மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. ஒருநாள் காலை ஆஸ்பத்திரி கேன்டீனில், சட்னி போதவில்லையென்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

“கேட்ட குரலா இருக்கே” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினால் காதர் மைதீன்! அங்கே சேர்த்திருந்த மச்சினியைப் பார்க்க வந்தவர். செம்மொழி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்தார். சுவரிலிருந்த புற்றுநோய்ப் பிரிவுப் பலகையைப் பார்த்தார்.

“சிங்கப்பூர்ல வெயில் எப்படிங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் தட்டிலிருந்த சட்னியை அவள் தட்டில் சரித்தார்.

ஊர் திரும்பும்போது முருகையன் சென்னை பர்மா பஜாரில் சிங்கப்பூர்க் கோடாலித் தைலம் வாங்கி வந்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். ஆனாலும் குடியரசு தினக் கிராம சபையில் ஊர்க்காரர் குஞ்சிதபாதம் எழுந்துவிட்டார்.

“தலைவரம்மா, சிங்கப்பூர்ல மொட்டையெல்லாம் போடுறாங்களா?”

காதர் மைதீன் எழுந்தார்.

“அங்க மாரியம்மன் கோயிலே இருக்குய்யா. அவங்க வேண்டுதல், ஒனக்கென்ன?”

“நீங்க எப்ப பாய் அங்க போனீங்க?”

“நான் போறதையெல்லாம் ஒங்கிட்ட சொல்லிட்டா போவணும்?”

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவர் செம்மொழி பக்கம் திரும்பினார்.

“அது கெடக்கட்டும். வடக்குத்தெரு வாய்க்கால் என்னாச்சு? ஊர் சுத்தினா தண்ணி வந்துருமா?”

கொஞ்சமும் தாட்சண்யம் இல்லாத கேள்வி. செம்மொழிக்கு உடம்பெல்லாம் தெம்பு ஏறியது. பந்தல் அதிரப் பதில் கொடுத்தாள். 

“மனுசன் இப்படிக் கிழிச்சிட்டாரே” என்று வீட்டில் முருகையன் அங்கலாய்த்தார்.

“கிழிக்கட்டுங்க. நல்லாத்தான் இருக்கு” என்றாள், சோற்றைப் பிசைந்தபடி.

கோடையில், இனி எப்போதாவது வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். வாய்க்காலும் பாதிவரை தூர் வாரியாகிவிட்டது. மீதியைக் கிழக்கிலிருந்து தொடங்குவதா மேற்கிலிருந்தா என்று இருவரும் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.